யூதாஸ் யார் தெரியுமா? ஏலக் கம்பெனிக்காரர்!

படம் பார்க்கிற விஷயத்தில் எனக்கு வெட்கமும் கிடையாது, நிதானமும் கிடையாது. நல்ல ஓவியம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தோளைத் தொட்டு "அங்க பாருங்க சார், அந்த விரலைப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் நகர்ந்து போனால் அடுத்தவரிடம் சொல்வேன். இந்தப் பைத்தியம் பிடித்த இடம் சிதம்பரம். கிறிஸ்தவ ஓவியங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நடராஜர் கோயிலில் தொடங்குகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். பிறந்து வளர்ந்தது கீழவீதிக்குப் பின்னால் என்றால் வேறெங்கே தொடங்குவது?

சரி, இப்படிக் கற்பனை பண்ணிப் பாருங்கள். சித்திரை மாதம், காலை பதினோரு மணி. சிவகங்கைக் குளத்தங்கரையின் கருங்கல் உள்ளங்காலைப் பொசுக்குகிறது. குதித்துக் குதித்து ஓடிப்போய் மேலண்டைப் பக்கம் சிவகாமியம்மன் சன்னதி மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள். அப்பாடா, கால் குளிர்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு வாசனையும் வௌவால் வாடையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. வெயிலில் வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் அண்ணாந்தபடியே நில்லுங்கள், மேலேயிருந்து சிவப்பு கிளம்பி வரும் பாருங்கள்! விதானம் முழுக்க நாயக்கர் காலத்துச் சித்திரம், 17-ஆம் நூற்றாண்டு வேலை, பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது, கதைக்குக் கீழே தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். தாருகாவனத்துக்குள் பிட்சாடனர் நடந்து போகிறார். ரிஷிபத்தினிகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு பக்கம் மோகினியைப் பார்த்து தாடிக்கார ரிஷிகள் தவத்தை மறந்து நிற்கிறார்கள். மாணிக்கவாசகர் கதையும் உண்டு. அங்கங்கே காரை உதிர்ந்திருக்கிறது, புகை படிந்திருக்கிறது, அதையெல்லாம் விடுங்கள், மிச்சமிருப்பதே ஒரு ஜென்மத்துக்குப் போதும். "என்னங்க, கழுத்து சுளுக்கிக்கப் போவுது, கீழ பாத்து நடங்க" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போதெல்லாம் பிரகாரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

அந்த ரிஷிபத்தினிகளின் சேலையில்தான் நான் விழுந்தேன். தாருகாவனம் எந்த யுகத்தில் இருந்ததோ தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்தப் பெண்கள் உடுத்தியிருப்பது ஓவியன் தன் தெருவில் தினம் பார்த்த துணி! பூப்போட்ட கரை, கோடு போட்ட உடம்பு, இடுப்பில் இறுக்கிய கட்டு, காது நிறைய நகை. ஓவியன் வீட்டு அக்கா தங்கைகள்தான் தாருகாவனத்தில் நிற்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். எந்தச் சாமி படத்தைப் பார்த்தாலும் முதலில் உடுப்பைப் பார்ப்பேன், அப்புறம் மூலையில் கிடக்கும் சட்டிபானையைப் பார்ப்பேன், கடைசியாகத்தான் சாமி. ஓவியன் தன் ஊரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடுவேன். கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பிழைப்புக்காகக் கடலூர் வந்து மஞ்சக்குப்பத்தில் குடியேறிய பிறகுதான் இந்தப் பித்து கிறிஸ்தவப் படங்களின் பக்கம் திரும்பியது. அதற்குக் காரணம் முதுநகரில் இருக்கும் ஒரு சிநேகிதர். வேதக்காரக் குடும்பம், என்னைவிட இளையவர். ஒருநாள் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்தின் பக்கம், புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிச்சம் என்ன மிச்சம், கொஞ்சம் சுவரும் செங்கல்லும் புதரும்தான். அவர் சொன்னார்: "அண்ணே, இந்தக் கோட்ட இடிஞ்ச கதைக்கு ஒரு படம் இருக்கு. மெட்ராஸ்ல, கோட்டக்குள்ள இருக்கிற சர்ச்சுல. நீங்க பாத்ததில்லையா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்க் கோட்டைக்கு மெட்ராஸில் படமா?

கதை இதுதான், கேளுங்கள். 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது மெட்ராஸில் கம்பெனித் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுட்டுப் பார், குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உனக்கு! சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்று ஊர்ப்பலகை நிற்கிறது, அந்த வழியாகப் பைக்கில் போகும்போதெல்லாம் என் தலை தானாக வானத்தைப் பார்க்கும். பிறகு 1758 ஜூனில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்தார், பிடித்த கையோடு இடித்துத் தரைமட்டமாக்கினார். ஆங்கிலேயர் சும்மா விடுவார்களா? 1761 ஜனவரியில் அயர் கூட் புதுச்சேரியை வீழ்த்த, பதிலுக்கு அந்த நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சூறையில் புதுச்சேரியிலிருந்து மெட்ராஸுக்கு வந்து சேர்ந்த படம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள், புனித மரியாள் ஆலயத்தின் பீடத்துக்கு மேலே தொங்கும் கடைசி இராப்போஜனப் படத்தை.

மறு வாரமே சென்னைக்கு ரயிலேறிவிட்டேன். தலைமைச் செயலகம் இருக்கிற கோட்டை என்பதால் வாசலில் போலீஸ் சோதனை, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, எங்கே போகிறாய், எதற்கு. "படம் பாக்க" என்றேன். காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சினிமாவா?" என்றார்.

உள்ளே போனால், ஐயோ, அந்தக் குளுமை! 1680-ல் பிரதிஷ்டை செய்த ஆலயம், ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்ற கவர்னர் கட்டுவித்தது. நாலடி கனத்துக்குச் சுவர், பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைத்துக் கட்டிய கூரை. எங்கள் கோட்டையை வாங்கிய யேல் இங்கேதான் தாலி கட்டினார் (தாலி ஏது, மோதிரம்தான்), ஆலயம் திறந்த அடுத்த மாதமே, இந்த ஆலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அது. ராபர்ட் கிளைவுக்கும் 1753-ல் இங்கேதான் கல்யாணம். சுவர் முழுக்கப் பளிங்குக் கல்வெட்டுகள். அதையெல்லாம் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. நேரே பீடத்தைப் பார்த்து நடந்தேன்.

பழுப்பேறிய பெரிய படம். நடுவில் கிறிஸ்து, சுற்றிலும் சீடர்கள். நடுவிலிருக்கும் கிறிஸ்துவையும் அந்தப் பாத்திரத்தையும் ரஃபேலே தன் கையால் தீட்டினார், மற்றதை அவருடைய பட்டறையில் பயின்றவர்கள் முடித்தார்கள் என்று ஒரு பழைய நம்பிக்கை. ரஃபேல்! 1520-ல் முப்பத்தேழு வயதில் செத்துப்போன அந்த மகா கலைஞனின் தூரிகை பட்ட படமாக இருக்கலாம் என்ற அந்த 'லாம்' ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. ஆதாரம் கேட்கிற அறிஞர்கள் கேட்டுக்கொள்ளட்டும், அது அவர்கள் தொழில். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, குருவின் கை எங்கே முடிகிறது, சிஷ்யன் கை எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். தேடத் தேட நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரியே தான் கைதாகப் போவது தெரிந்தே ஒரு மனிதன் தன் ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறான், பந்தியில் ஒருவன் காசு வாங்கிவிட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும், தெரிந்தும் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறான்! அப்படியொரு பந்தியை நினைத்துப் பாருங்கள். இதைப் படமாக்கத் துணிந்தவனின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? அங்கே விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "ஐயா, எங்க ஊர்க் கோட்டைய இடிச்சாங்க, அதுக்குப் பதிலாத்தான் இந்தப் படம் வந்துச்சு, ஒரு வகையில இது கடலூர்ப் படம்" என்று சொல்லியே விட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றார்.

வெளியே வரும் வழியில் கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரத்துக் கல். கல்கத்தாவுக்கு அடித்தளம் போட்டவராக வரலாறு சொல்லும் ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கு 1689-ல் ஞானஸ்நானம் நடந்தது இந்த ஆலயத்தில்தான். இந்தச் சார்னாக் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து நாம் போகப்போவது அவர் வீட்டுக்குத்தான்.

ஏனென்றால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கடைசி இராப்போஜனம் என்றால் இனி ஒன்றையும் விடுவதில்லை என்று புத்தகமாகப் புரட்டினேன். மிலான் நகரத்து மடத்துச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் லியோனார்டோ தீட்டியது எல்லோருக்கும் தெரியும். வேலை இழுத்துக்கொண்டே போனபோது மடத்துத் தலைவர் நச்சரிக்க, யூதாஸுக்கு முகம் கிடைக்காமல்தான் தாமதம், ரொம்ப அவசரமென்றால் இவர் முகத்தையே வைத்துவிடுகிறேன் என்றாராம் லியோனார்டோ. வசாரி எழுதி வைத்திருக்கிறார், நம்பாமல் இருக்க மனசு வரவில்லை. வெனிஸில் வெரோனேசே என்ற ஓவியர் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அகலமான இராப்போஜனம் ஒன்றைத் தீட்டி, அதில் தன் ஊர்க் கோமாளி, குள்ளர், நாய், ஜெர்மன் சிப்பாய் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துவிட்டார். 1573-ல் மத விசாரணை மன்றம் கூப்பிட்டு, ஆண்டவர் பந்தியில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டது. மனுஷன் படத்தை மாற்றவில்லை, பெயரை மாற்றினார். இது இராப்போஜனம் இல்லை, லேவி வீட்டு விருந்து! இதைப் படித்துவிட்டு நடுராத்திரியில் தனியாகக் கைதட்டினேன். பக்கத்து அறையிலிருந்து "மணி ரெண்டு" என்று குரல் வந்தது.

அப்புறம்தான் கல்கத்தாப் படம் கண்ணில் பட்டது. ஜோஹன் ஸோஃபனி. ஜெர்மனியில் பிறந்தவர், இங்கிலாந்து ராணி சார்லட்டுக்குப் படம் தீட்டிக்கொடுத்தவர். அந்தப் படத்திலும் தெரிந்த மனிதர்களை நிறையத் திணித்து ராணியின் முகச்சுளிப்பைச் சம்பாதித்துக்கொண்டவர். 1783-ல் சம்பாதிக்க இந்தியா வந்தார். கல்கத்தாவில் புதிதாகக் கட்டிய புனித யோவான் ஆலயத்துக்கு 1787-ல் ஒரு இராப்போஜனம் தீட்டிக் கொடுத்தார். சீடர்களுக்கு முகம் வேண்டுமே, எங்கே போவது? ஊரிலிருந்த வெள்ளைக்காரர்களையே பிடித்து உட்காரவைத்தார்! இதைப் படித்த நிமிஷமே கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டேன். வீட்டில் கேட்டதற்கு ஆபீஸ் வேலை என்று புளுகினேன்.

கல்கத்தாவின் பழைய அலுவலகத் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஆலயம். கூவுகிற கார்கள், கடுகெண்ணெயில் பொரியும் மீன் வாசனை, நடைபாதையில் தட்டச்சு இயந்திரங்கள். அதைத் தாண்டிக் கம்பிக் கதவுக்குள் காலை வைத்தால் மரங்களும் கல்லறைகளும். எட்டுப் பட்டை மண்டபத்துக்குள் ஜாப் சார்னாக் படுத்திருக்கிறார், மேலே மூடியிருக்கும் கல் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? நம் பல்லாவரத்திலிருந்து! அந்தக் கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பாறை இனத்துக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். மகள்கள் ஞானஸ்நானம் பெற்ற ஊரின் கல்லுக்கு அடியில் அப்பன் தூங்குகிறான். நான் அந்தக் கல்லைத் தொட்டு, "என்னய்யா, சௌக்கியமா, நானும் அந்தப் பக்கம்தான்" என்றேன். பைத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதோடு, சிராஜ் உத்தௌலா கல்கத்தாவைப் பிடித்த 1756-ல், அதை மீட்கப் படையோடு கிளம்பி வந்த கிளைவ் அப்போதுதான் எங்கள் புனித டேவிட் கோட்டையின் பொறுப்புக்கு வந்திருந்தார். அதாவது எனக்கு முன்னாலேயே ஒருவர் கடலூரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து போயிருக்கிறார், என்ன, அவர் வந்தது படம் பார்க்க இல்லை.

சரி, சரி, உள்ளே வாருங்கள், செருப்புச் சத்தம் வேண்டாம், பீடத்துக்கு இடது பக்கம் திரும்புங்கள், முன்பெல்லாம் இது பீடத்துக்கு மேலேதான் இருந்தது, இப்போது பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது, நமக்கு நல்லதாகப் போயிற்று, கிட்டப் போய்ப் பார்க்கலாம், இதோ, இதோ! 2010 வாக்கில் ஜெர்மானிய உதவியோடு துடைத்துச் சீர்செய்த படம், வண்ணம் பளிச்சென்று நிற்கிறது. நடுவில் கிறிஸ்து, அந்த முகம் பாதர் பார்த்தெனியோ என்ற கிரேக்கப் பாதிரியாரின் முகம், கல்கத்தாவில் அப்போது கிரேக்க வியாபாரிகள் இருந்தார்கள், அவர்களுடைய சாமியார். நீண்ட தாடியும் தணிந்த கண்ணுமாக ஒரு நிஜமான மனிதர். அவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் அன்புச் சீடர் யோவான் யார்? ஊர்ப் போலீஸ் மாஜிஸ்திரேட் பிளாக்கியர்! திருடனைப் பிடிக்கிற ஆள் இங்கே கன்னம் மழமழவென்று சாந்த சொரூபியாக இருக்கிறார். யூதாஸ்? ஐயோ, அதைத்தான் சொல்லத் துடிக்கிறேன், யூதாஸ் வில்லியம் டல்லோ, ஊரின் பெரிய ஏலக் கம்பெனிக்காரர்! நம்மூரில் ஒரு அடகுக்கடை முதலாளியைச் சூரபத்மனாகத் தீட்டி, அவர் வாராவாரம் கும்பிட வருகிற கோயிலிலேயே மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி! ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து உட்கார்ந்தால் எதிரே தன் முகம், கையைக் கட்டிக்கொண்டு பாட்டுப் பாட வேண்டும், சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் போன வாரம் அவரிடம் ஏலத்தில் மேஜை நாற்காலி வாங்கியவர்கள், ஒருவர் அவரைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார், இருமிக்கொள்கிறார்! டல்லோ கொதித்துப் போனார் என்று சொல்கிறார்கள், கொதிக்காமல் என்ன செய்வார்? நான் அங்கேயே சிரித்துவிட்டேன், சத்தம் மேலே கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது, காவலாளி எட்டிப் பார்த்தார், நான் எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் "யூதாஸ், அச்சா ஆத்மி" என்று ஏதோ உளறினேன், அவரும் சிரித்தார், அன்றைக்கு முழுக்க எனக்குக் கூடவே நின்று விளக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் நான் ஓடிப்போனது முகங்களுக்காக இல்லை. சிதம்பரத்து வியாதி, மூலையைத்தானே பார்ப்பேன்? முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், அங்கே இருந்தது! மேஜைக்கருகே தண்ணீர்ப் பாத்திரம், அது எருசலேம் பாத்திரமே இல்லை, நம்மூர் எச்சில் படிக்கத்தின் உருவம்! வெற்றிலை போட்டுத் துப்புகிற படிக்கத்தைப் பார்த்து ஆண்டவரின் விருந்தில் தண்ணீர்ச் செம்பு வைத்துவிட்டார் ஸோஃபனி, தெரிந்து வைத்தாரா தெரியாமல் வைத்தாரா, எனக்கு இரண்டும் சம்மதம். பக்கத்திலேயே தண்ணீர் நிரம்பிய தோல்பை கிடக்கிறது. பிஸ்தி என்கிற தண்ணீர்க்காரர்கள் முதுகில் சுமந்துபோய்த் தெருவுக்குத் தெளிப்பார்களே, அந்த ஆட்டுத்தோல் பை. வயிறு உப்பிக் கிடக்கிறது, இப்போதுதான் யாரோ இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போயிருக்கிறான். சுவரில் ஆணியில் ஒரு வாள், பேதுருவின் வாளாக இருக்க வேண்டியது, ஆனால் அது கச்சேரி வாசலில் நிற்கிற சேவகனின் தல்வார்! பார்த்தீர்களா? பன்னிரண்டு சீடர்களும் வெள்ளைக்காரர்களாக இருந்தும் அந்த அறைக்குள் நம்மவர்கள் வந்து போயிருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவந்தவன் ஒருவன், காவலுக்கு நின்றவன் ஒருவன், துப்பியவன் ஒருவன்! அவர்கள் முகத்தைத் தீட்ட அவருக்குத் தோன்றவில்லை, அந்த ஒரு வருத்தம் எனக்கு உண்டு, சின்ன வருத்தம்தான், அந்தத் தோல்பையின் ஈரப் பளபளப்பைப் பார்த்ததும் அதையும் மன்னித்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை, காவலாளிதான் கைகொடுத்துத் தூக்கினார்.

ஊருக்கு வந்து முதுநகர் சிநேகிதரிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிண்ணே, கோணான்குப்பம் போனீங்களா?" என்றார்.

கோணான்குப்பம் எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே, விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது! கல்கத்தா வரை ஓடியவனுக்குப் பக்கத்துத் தாலுகாவில் ஒரு அதிசயம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர், தங்கிப் பணிசெய்து கட்டிய பெரியநாயகி மாதா கோயில். 1726-ல் தேம்பாவணியை முடித்தாரே, அவர்தான், யோசேப்பைத் தலைவனாக்கி 3615 பாட்டு, யூதேயாவைப் பாடச் சொன்னால் நெல்லும் கரும்பும் வாளைமீனுமாக நம் ஆற்றங்கரையைப் பாடிய மனிதர். அவர் உடுத்தியதும் காவி, காதில் கடுக்கன், தலையில் பாகை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்தார்களே, அந்தச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு படம் எழுதினார், அல்லது எழுதுவித்தார் என்பது இந்தப் பக்கத்து மக்கள் சொல்கிற கதை. கையில் குழந்தையோடு மரியாள், உடம்பில் தமிழ்ப் பெண்ணின் சேலை. அந்தப் படத்தை மயிலாப்பூர் ஆயர் மூலமாகக் கப்பலேற்றி மணிலாவுக்கு அனுப்பி, இதே போல ஒரு சுரூபம் செய்து அனுப்பு என்றாராம்.

மணிலாவை நினைத்துப் பாருங்கள்! ஒரு சிற்பி, மரத்தூள் பறக்கிற பட்டறை, உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஸ்பெயின்காரர் சொல்லிக்கொடுத்த மாதாவை வாழ்நாள் முழுக்கச் செதுக்கியவன், அங்கியும் முக்காடும் கிரீடமும் கண்ணை மூடிக்கொண்டு வரும். கடல் கடந்து வந்த சுருளைப் பிரிக்கிறான். இது என்ன துணி? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இடுப்பில் ஏன் இத்தனை மடிப்பு, இந்த மடிப்பெல்லாம் எதில் சொருகி நிற்கிறது, தோளில் விழுகிற இந்த நுனி கீழே விழாமல் எப்படி இருக்கிறது? பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு ஒருவன் இடுப்பில் போர்வையைச் சுற்றிப் பார்த்திருப்பான், சத்தியமாகச் சுற்றிப் பார்த்திருப்பான்! நம் விருத்தாசலத்துப் பெண்ணின் கொசுவத்தை முன்பின் பார்க்காத ஒருவன், ஒரு படத்தை மட்டும் நம்பி, மரத்தில் மடித்திருக்கிறான். கோயிலுக்குள் நிற்கிறேன், மெழுகுவர்த்திச் சூடு முகத்தில் அடிக்கிறது, சாமந்தி வாசனை, எனக்கு முன்னால் ஒரு பாட்டி குழந்தையைத் தூக்கிக் காட்டி "அம்மாவ கும்புடு, அம்மாவ கும்புடு" என்கிறாள், பாட்டி கட்டியிருப்பதும் சேலை, மேலே நிற்பவளுக்கும் சேலை, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் படம் இன்றைக்கு நம் கையில் இல்லை. கவலையே இல்லை எனக்கு! சிலையிலிருந்து படத்தைத் திரும்ப வரைந்துகொள்கிறேன் மனசுக்குள். அது எந்த மாதிரித் தாளில் இருந்திருக்கும், கரைக்கு என்ன வண்ணம் கொடுத்திருப்பார், குழந்தைக்கு இடுப்பில் அரைஞாண் கட்டியிருப்பாரா என்று தினம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். என்னைக் கேட்டால் ரஃபேலும் ஸோஃபனியும் ஒருபுறம், நான் பார்க்காத இந்தப் படம் ஒருபுறம்.

என் மனைவிக்கும் இப்போது இந்த வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. போன தடவை கோணான்குப்பத்தில் என்னை முந்திக்கொண்டு முன்னால் போய் நின்று, "என்னங்க, இது வலது தோளா இடது தோளா, முந்தானைய கவனிச்சீங்களா?" என்று உரக்கவே கேட்டாள், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டு பேர் எங்களோடு சேர்ந்துகொண்டு முந்தானையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்து இருவரும் சேர்ந்து சிவகாமியம்மன் விதானத்து ரிஷிபத்தினிகளின் கட்டையும் மாதாவின் கட்டையும் ஒப்பிட்டுப் படம் போட்டு வைப்பதாகத் திட்டம். நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று, கலர் பென்சிலும் வாங்கியாயிற்று, கழுத்துவலித் தைலம்கூட வாங்கியாயிற்று. விருத்தாசலம் பக்கம் யாராவது போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூடவே தொற்றிக்கொள்கிறேன், வண்டிக்குப் பெட்ரோல் என் செலவு, வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவேன், அதை மட்டும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.